திரையில் அடங்கா மரம்

திருக்குறள் முப்பாலாகவும், பால் ஒவ்வொன்றும் அதிகாரங்களாகவும், அதிகாரம் ஒவ்வொன்றும் பத்துக் குறட்பாக்களாகவும் வகுக்கப்பட்டிருத்தல் தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25 என அதிகாரங்கள் 133, குறட்பாக்கள் 1330. இவ்வமைப்பினை ஒரு மரமாகக் கொள்ளின் நூற்பெயர் அதன் வேர், பால்கள் பெருங்கிளைகள், அதிகாரங்கள் சிறுகிளைகள், குறட்பாக்கள் இலைகள். எல்லாவற்றையுங் கூட்ட 1467 கணுக்கள் தேறும். இம்மரத்தை மேசைக்கணினி ஒன்றின் திரையில் நிரை நிரையாக எழுதிக் காட்டவேண்டியுள்ளது என வைத்துக்கொள்ளலாம். 1080 படப்புள்ளி உயரமுள்ள திரையில் நிரையொன்றுக்கு 20 படப்புள்ளி ஒதுக்கினால் 54 நிரைகள் கொள்ளும். தலைப்புப் பட்டை முதலியவற்றைக் கழித்தால் எஞ்சுவன ஏறத்தாழ ஐம்பது. பொருட்பாலை மட்டும் திறந்து அதன் அதிகாரப் பெயர்களை விரித்த அளவிலேயே நிரைகள் எழுபதைத் தாண்டிவிடுகின்றன. சட்டைப்பையில் அடங்கும் பதிப்பாக விற்கப்படும் ஒரு நூல் இத்திரையில் அடங்குவதில்லை.

கணினியாளர் பெருமரம் எனக் குறிப்பது இதனையுமன்று. சாதாரண அலுவலகமொன்றின் வன்தட்டில் பல இலட்சம் கோப்புகள் கிடத்தல் இன்று வியப்புக்குரியதன்று. அமெரிக்காவின் உயிர்த்தொழினுட்பவியல் தகவலுக்கான தேசிய நிலையம் பேணிவரும் உயிரினப் பாகுபாட்டு மரம் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணுக்களை உடையது. அத்தகைய மரத்தின் முன்னே ஐம்பது நிரை கொண்ட திரை ஒரு திறப்புத் துவாரமேயாகும். துவாரத்தின் வழியே பார்ப்பவனுக்கு அறை முழுவதையும் அறிந்துகொண்ட உணர்வை ஊட்டுவதே படிநிலைத் தரவினைக் காட்டும் இடைமுகத்தின் பணி. விரைவு ஒன்றே குறிக்கோளாயின் இப்பணி அத்துணைக் கடினமன்று. விரைவின் பொருட்டுத் திரை சொல்லத் தலைப்படும் சிறு சிறு பொய்களே கடினமானவை.

இம்முயற்சியின் தொடக்கத்தைத் தேடுவோர் 1968 டிசெம்பர் 9 ஆம் திகதிக்குச் செல்லுதல் வேண்டும். அன்று சன் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த கணினி மாநாட்டில், ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஏங்கல்பாட் ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடம் தமது முறைமையை இயக்கிக் காட்டினார். சுட்டி என்னும் கருவி பொதுமேடையேறியமைக்காகவே அந்நாள் பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. ஆயின் அவர் திரையில் எழுதிக் காட்டியது கடைக்குச் சென்று வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலொன்று என்பதையும், அதனை வகை வகையாகப் பகுத்து, விரும்பியபோது வகைப்பெயர்கள் மட்டும் தோன்றுமாறு ஏனையவற்றை மடக்கினார் என்பதையும் நினைவிற் கொள்வோர் சிலரே. எத்தனையாம் படி வரையிற் காட்டுவது, கூற்று ஒவ்வொன்றிலும் எத்தனை வரிகளைக் காட்டுவது என்னும் இரண்டினையும் பார்ப்பவரே தீர்மானிக்க அம்முறைமை இடமளித்தது. பின்னர் வந்தவை யாவும் அவ்விரு கட்டுப்பாடுகளின் விரிவுரை எனின் மிகையாகாது.

பதினேழாண்டுகள் கழிந்து, 1985 இல், எக்ஸ்ட்றீ என்னும் மென்பொருள் சிறுகணினிப் பயனர்க்குத் தம் வன்தட்டின் கோப்புறைகளை மரவடிவிற் காட்டியது. காட்டுமுன் அது தட்டு முழுவதையும் ஒருமுறை படித்து நினைவகத்திற் பதித்துக்கொண்டது. அக்காலத்துக்கு அது தகும். 1983 இல் வெளிவந்த ஐபிஎம் எக்ஸ்ரி கணினியின் வன்தட்டு 10 மெகாபைட்டுகளையே கொண்டிருந்தது. ஆனால் தட்டுகள் பன்னூறாயிரம் மடங்கு பெருத்த பின்னும் அப்பழக்கம் மட்டும் மாறாது நின்றது.

இன்றும் செய்நிரல் எழுதப் பழகும் மாணவனின் முதல் முயற்சி அதுவாகவே இருக்கின்றது. தரவுத்தளத்திலுள்ள அனைத்தையும் அவன் படிக்கின்றான். கணு ஒவ்வொன்றுக்கும் திரையுறுப்பு ஒன்றை ஆக்குகின்றான். யாவும் ஆக்கப்பட்ட பின்னரே சாளரத்தைத் திறக்கின்றான். பரீட்சிப்பதற்காக அவன் இட்டது நூறு கணுக்கள் கொண்ட மரம். அது கண்ணிமைக்கும் பொழுதிற் தோன்றுகின்றது. ஆசிரியரும் புள்ளி வழங்கிவிடுகின்றார். பின்னர் உண்மையான தரவு வந்து சேர்கின்றது. கணுவொன்றை ஆக்குவதற்குப் பத்து மைக்ரோ வினாடியே செல்கின்றது எனக் கொண்டாலும், பத்து இலட்சம் கணுக்களுக்குப் பத்து வினாடிகள் வேண்டும். கணுவொன்றுக்கு நூறு பைட்டு வீதம் நூறு மெகாபைட்டு நினைவகமும் வேண்டும். இவை அனைத்தும் செலவிடப்பட்ட பின்னர்க் கண்ணுக்குத் தெரிவன ஐம்பது நிரைகள்.

இதனினும் கொடிய பிழையொன்றும் உண்டு, அது மறைந்திருப்பது. ஒரு கிளையின் கீழ்ப் பிள்ளைக் கணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும்போது, கடைசிப் பிள்ளையைக் கண்டடைய ஒவ்வொரு முறையும் முதற் பிள்ளையிலிருந்து நடந்து செல்லும் வகையிற் செய்நிரல் அமைந்துவிடின், பதினாயிரம் பிள்ளைகளைச் சேர்த்து முடிப்பதற்குள் ஏறத்தாழ ஐந்து கோடி அடிகள் நடக்கவேண்டியதாகும். பிள்ளைகள் இருமடங்கானால் நடை நான்கு மடங்காகும். விரைவான கணினியை வாங்கி இப்பிழையைத் தீர்க்க முயல்வோரும் உளர்.

தீர்வின் சாரம் எளியது: காணப்படாததற்கு உழைக்கக்கூடாது. ஐம்பது நிரைகளே தெரியுமாயின் ஐம்பது நிரைகளுக்குரிய உறுப்புகளை மட்டும் ஆக்கி, உருட்டும்போது மேலே மறையும் நிரையை எடுத்துக் கீழே தோன்றும் நிரைக்கு மீண்டும் பயன்படுத்தலாம். எளிய பட்டியல்களுக்கு விண்டோஸ் முறைமையில் இவ்வசதி 1996 இலேயே வந்துவிட்டது. தரவினை உறுப்பிடம் ஒப்படையாது, உறுப்பு கேட்கும்போது மட்டும் விடை கூறினாற் போதும். ஆனால் அம்முறைமையின் மரவுறுப்புக்கு இத்தகைய ஏற்பாடு முழுமையாகக் கிட்டவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. பட்டியலில் நான்கு இலட்சமாவது நிரை யாதெனக் கேட்டால் விடை நேரானது. மரத்தில் அவ்வாறு கேட்டால், அதற்கு முன்னுள்ள கிளைகளில் எவை விரிந்தன, எவை மடங்கின என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

இதன்பொருட்டுக் கணு ஒவ்வொன்றும் தன்கீழ் இவ்வேளையில் விரிந்து தோன்றும் நிரைகள் எத்தனை என்னும் எண்ணைத் தன்னுடன் வைத்திருத்தல் வேண்டும். தேடுபவன் வேரிலிருந்து இறங்குகையில், தனக்கு வேண்டாத கிளைகளை அவ்வெண்ணைக் கழித்துத் தாண்டிச் செல்லலாம். ஒரு கிளை திறக்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ அதன் முன்னோரின் எண்களை மட்டும் திருத்தினாற் போதும். மரம் முழுவதையும் மீள எண்ணவேண்டியதில்லை. நிரைகளின் உயரம் ஒரேயளவாயின் நிரை எண்ணைப் பெருக்கித் திரையிடத்தை அறியலாம். ஜாவா மொழியின் மரவுறுப்பிலும் கியூற் நூலகத்தின் மரவுறுப்பிலும் நிரைகள் ஒரே உயரத்தன என முற்கூட்டியே அறிவிக்கும் வழி வைக்கப்பட்டிருத்தல் இதனாலேயே. உயரங்கள் வேறுபடுமாயின் பகுதிக் கூட்டுத்தொகைகளைப் பேணும் அமைப்பு வேண்டும். நியூசிலாந்தின் ஓக்லன்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் ஃபென்விக் 1994 இல் வேறொரு தேவைக்காக வெளியிட்ட அமைப்பு இங்கு நன்கு உதவும். பத்து இலட்சம் நிரைகளுள் ஒன்றின் உயரம் மாறினால் ஏறத்தாழ இருபது எண்களைத் திருத்துவதோடு அது அமைந்துவிடுகின்றது.

இதுவரை கூறியது கணக்கு. இனிக் கூறப்படுவது வாக்குறுதி.

மரத்தின் நிரையொன்றின் இடப்பக்கத்தே சிறு கூட்டற் குறியோ முக்கோணமோ காணப்படுமாயின், அது பார்ப்பவனுக்கு ஒரு வாக்குறுதியை அளிக்கின்றது: இதனுள்ளே இன்னும் உண்டு, திறந்து பார். 1991 இல் மக்கின்ரோஷ் கணினியிலும் 1995 இல் விண்டோஸ் முறைமையிலும் இக்குறிகளைக் கோடிக்கணக்கானோர் பழகிக்கொண்டனர். இக்குறியை இடுவதா விடுவதா என்பதை அறியக் கோப்புறையைத் திறந்து பார்க்கவேண்டும். ஐம்பது நிரைகளைக் காட்ட ஐம்பது கோப்புறைகளைத் திறக்கவேண்டும். அவை தொலைவிலுள்ள சேவையகத்தில் இருந்து, ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வினாடி செல்லுமாயின், ஒரு திரையைக் காட்ட ஐந்து வினாடிகள். வெறும் குறிகளுக்கு இத்துணை விலை.

யுனிக்ஸ் முறைமையின் பழைய கோப்பமைப்புகளில் இதற்கு அழகியதொரு வழி தற்செயலாக அமைந்திருந்தது. கோப்புறை ஒவ்வொன்றுக்கும் இருக்கும் இணைப்பெண்ணிலிருந்து இரண்டைக் கழித்தால் அதனுள்ளிருக்கும் கோப்புறைகளின் தொகை கிடைத்துவிடும். பெற்றோர் அதனை அழைக்கும் பெயர் ஒன்று. அது தன்னைத் தானே அழைக்கும் பெயர் ஒன்று. பிள்ளைகள் ஒவ்வொன்றும் தாயைச் சுட்டும் சுட்டு ஒவ்வொன்று. வீட்டுக் கதவைத் தட்டாமலே பிள்ளைகளின் தொகையை அறிவது போன்றது இது. எல்லாக் கோப்பமைப்புகளும் இவ்வழக்கைப் பேணுவதில்லையாதலின் இதனை எங்கும் நம்பிவிட முடியாது.

விண்டோஸ் முறைமை வேறு வழியை மேற்கொண்டது. உள்ளே கோப்புறை உண்டென அறிவிக்கும் பண்பினை, உண்மையில் இல்லாதபோதும் அறிவிக்கலாம் என்றும், அறிந்துகொள்ள வலையமைப்பினூடு செல்லவேண்டியிருப்பின் அவ்வாறு அறிவித்தலே விரும்பத்தக்கது என்றும் செய்நிரலாளர்க்கான அதன் ஆவணமே கூறுகின்றது. பயனர் கூட்டற் குறியைச் சொடுக்குகின்றார், உள்ளே ஒன்றுமில்லை, குறி ஓசையின்றி மறைந்துவிடுகின்றது. அனுமதி பெற்ற பொய் என இதனை அழைக்கலாம். ஆயினும் இதனைக் குற்றமெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இல்லாததை உண்டென்று கூறுவது ஒரு சொடுக்கினை வீணாக்கும். உள்ளதை இல்லையென்று கூறுவதோ ஒருவர் தேடிவந்த பொருளையே அவரிடமிருந்து மறைத்துவிடும். இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமெனின் முன்னையதே ஏற்புடையது. இரண்டினும் மேலான மூன்றாவது வழி, இன்னும் அறியப்படவில்லை என்பதற்கு வேறொரு குறியை மங்கலாக இட்டு, விடை வந்தபின் அதனை மாற்றுவதாகும். இதனைச் செய்யும் மென்பொருள்கள் ஏனோ அருகியே காணப்படுகின்றன.

வலப்பக்கத்து உருள்பட்டையும் வாக்குறுதி அளிப்பதே. அதன் குமிழ் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பெரிது மரம் என்றும், குமிழ் நடுவில் நின்றால் மரத்தின் நடுவில் நிற்கின்றோம் என்றும் கண் நம்புகின்றது. பிள்ளைகள் தேவைப்படும்போது மட்டும் வரவழைக்கப்படும் மரத்தில் மொத்தத் தொகை எவருக்கும் தெரியாது. ஆகவே செய்நிரல் மதிப்பிடுகின்றது. மதிப்பீடு பிழைக்கும்போது குமிழ் கையின் கீழேயே சுருங்கி நழுவுகின்றது. வேறு தடைகளும் உள. விண்டோஸ் முறைமையிற் குமிழை இழுக்கும்போது வரும் செய்தி 16 பிட்டு இடவெண்ணையே சுமக்கின்றமையால், 65,535 க்கு அப்பாற்பட்ட இடத்தை அறிய வேறொரு வினாவை விடுத்தல் வேண்டும். இதனை அறியாத செய்நிரலில் மரத்தின் பிற்பகுதிக்குக் குமிழை இழுத்துச் செல்லவே இயலாது. இவையெல்லாம் சீர்செய்யப்பட்டாலும் எண் கணிதம் விட்டுக்கொடாது. இருபது இலட்சம் நிரைகளை ஆயிரம் படப்புள்ளி நீளமான பட்டையில் அமைத்தால், சுட்டி ஒரு புள்ளி அசைய இரண்டாயிரம் நிரைகள், அதாவது நாற்பது திரைகள், பறந்து செல்லும். அவ்வளவில் உருள்பட்டை வெறும் அலங்காரமே.

மரத்தைப் பின்னணியில் வரவழைக்கும் மென்பொருள்களில் உண்மையான தீங்கு நேரக்கூடிய இடம் ஒன்றுண்டு. பயனர் ஒரு நிரையைச் சொடுக்கச் சுட்டியைக் கொண்டு செல்கின்றார். அவ்வேளை மேலேயுள்ள கிளையொன்றின் பிள்ளைகள் வந்து சேர்கின்றன. நிரைகள் யாவும் கீழே தள்ளப்படுகின்றன. சொடுக்கு வேறொரு நிரையின்மீது விழுகின்றது. அச்சொடுக்கு அழித்தற் கட்டளைக்குரியதாயின் அழிவது பிறிதொன்று. தெரிவுசெய்யப்பட்டவற்றை நிரை எண்ணால் நினைவிற் கொள்ளும் செய்நிரலிலும் இதே கேடு நிகழும். மேலே ஒரு கிளை விரிந்ததும் எண் பழைய எண்ணாகவே இருக்கும், அது சுட்டும் கணுவோ மாறிவிடும். தெரிவினைக் கணுவின் அடையாளத்தோடு பிணைத்தலும், திரையின் முதல் நிரையில் நிற்கும் கணுவை நங்கூரமாகக் கொண்டு ஏனையவற்றை அதனைச் சுற்றி அமைத்தலும் பெரிய கலையல்ல. ஆனால் ஒரு வினாடி முந்திக் காட்டுவதற்காகப் பாராட்டப்படும் செய்நிரலாளன், நிரைகள் அசையாது நின்றமைக்காகப் பாராட்டப்படுவதில்லை.

அகலமும் ஆழமும் வெவ்வேறு நோய்கள். ஒரே கோப்புறையில் ஓர் இலட்சம் கோப்புகள் கிடந்தால், தேவைப்படும்போது வரவழைத்தல் என்னும் உத்தி பயனற்றுப் போகின்றது. திறந்த கணமே ஓர் இலட்சமும் வேண்டப்படுகின்றன. அவற்றை அகரவரிசையிற் காட்டவேண்டுமாயின் முதல் ஐம்பதை அறியவும் அனைத்தையும் படித்தாகவேண்டும். எழுத்து வாரியாகப் பொய்க்கிளைகளை அமைத்துக் காட்டுவோர் உளர். அது வசதியே. ஆயினும் தரவில் இல்லாத படியொன்று அங்கே புகுத்தப்படுகின்றது என்பதைத் திரை மறைக்கலாகாது.

ஆழத்துக்கு மேற்கூறிய உயிரின மரமே தக்க சான்று. 1735 இல் லின்னேயசு வகுத்த முறை இராச்சியம், வகுப்பு, வருணம், சாதி, இனம் என ஐந்து படிகளில் நின்றது. இன்றைய மரத்தில் வேரிலிருந்து மனித இனத்தை அடைய ஏறத்தாழ முப்பது படிகள் இறங்கவேண்டும். படிக்கு 20 படப்புள்ளி வீதம் உள்தள்ளி எழுதினால் மனிதனின் பெயர் தொடங்குமுன் 600 படப்புள்ளி வெற்றிடமாகின்றது. தனக்கு மேலே திரையைவிட்டு அகன்றுபோன முன்னோர் யாவரென்பதும் தெரியாது. முன்னோர் வரிசையைத் திரையின் உச்சியில் நிலைநிறுத்தி வைத்தல் இதற்கொரு மருந்து.

பெல் ஆய்வுக்கூட மரபில் வந்த ஜோர்ஜ் ஃபேர்ணஸ் 1986 இல் வெளியிட்ட மீன்விழிக் காட்சி என்னும் கருத்து இவ்வகையிற் சிந்தனைக்குரியது. நியூயோர்க் நகரத்தவன் தன் தெருவைப் பெரிதாகவும் உலகின் எஞ்சிய பகுதியைக் கோடாகவும் காண்பதாகச் சோல் ஸ்ரைன்பேர்க் 1976 இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தை அவர் எடுத்துக்காட்டினார். கணுவொன்றின் இயல்பான முக்கியத்துவத்திலிருந்து, பார்ப்பவன் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கழித்து வரும் பெறுமதி ஓர் எல்லைக்கு மேற்பட்டால் அது காட்டப்படும், இல்லையேல் மடங்கும். அண்டை வீட்டார் தெரிவர். தொலைதூரத்தில் தலைநகரங்கள் மட்டும் தெரியும். 1991 இல் ஸெரொக்ஸ் ஆய்வுக்கூடத்தார் முப்பரிமாணத்திற் சுழலும் கூம்புகளாக மரத்தைக் காட்டினர். அது பார்க்க இனியது. பெயர்கள் ஒன்றன்பின் ஒன்று மறைந்துகொள்வதால் படிக்க இனியதன்று.

உள்தள்ளி எழுதும் பட்டியல் ஒருபோதும் சொல்லாத செய்தி எடை. மடங்கிய கிளைகள் இரண்டு அருகருகே ஒரேயளவு நிரையாக நிற்கும். ஒன்றினுள் மூன்று கோப்புகளும் மற்றதினுள் மூன்று இலட்சம் கோப்புகளும் இருக்கலாம். 1990 இல் மேரிலன்ட் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமொன்றில் பதினால்வர் பங்கிட்டுக்கொண்ட 80 மெகாபைட்டு வன்தட்டு நிரம்பிவிட்டது. இடத்தை அடைத்துக்கொண்டவை எவை என்பதை அறிய வழியின்றிப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் தேடிக் கண்ட வழியே இன்று மரப்படம் எனப்படுகின்றது. திரை முழுவதும் வேர்; அதனைக் கிளைகளின் பருமனுக்கேற்ப நெடுக்காகக் கீறி, ஒவ்வொன்றையும் அதன் பிள்ளைகளுக்கேற்பக் குறுக்காகக் கீறி, இவ்வாறே மாறி மாறிச் சென்றால் கோப்பு ஒவ்வொன்றும் தன் பருமனுக்கேற்ற செவ்வகமாகும். செவ்வகங்கள் சில நூல்போல மெலிந்துபோன குறையை, அவற்றைச் சதுரத்தை அண்மிக்கச் செய்யும் முறையால் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர ஆய்வாளர் மூவர் 2000 இல் நீக்கினர். 1920 க்கு 1080 அளவான திரையில் உள்ள புள்ளிகள் 20,73,600. ஒரு புள்ளியினும் சிறுத்த செவ்வகத்தை வரையவேண்டியதில்லை. எனவே இங்கும் உழைப்பின் எல்லையை வகுப்பது திரையே. ஆனால் இப்படத்தில் எடை தெரியும், பெயர் தெரியாது. நிரம்பிய தட்டினைக் கண்டு திகைப்பவனுக்கு இதனைவிடச் சிறந்த துணையில்லை. தன் கோப்பினைத் தேடுபவனுக்கு இதனாற் பயன் சிறிதே.

திரையையே காணாதார்க்கு இவை யாவும் எவ்வாறு போய்ச் சேருகின்றன என்னும் வினா நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. பார்வையற்றோர் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு கணினியை இயக்குவர். அம்மென்பொருள் அறிவது ஆக்கப்பட்ட உறுப்புகளை மட்டுமே. செய்நிரல் ஐம்பது நிரைகளை ஆக்கி ஏனையவற்றை ஆக்காது விட்டதெனின், கண்ணுள்ளவருக்கு அது சிக்கனம். கண்ணில்லாதவருக்கோ உலகம் ஐம்பதாவது நிரையோடு முடிந்துவிடுகின்றது. உருள்பட்டையின் குமிழும் அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. இன்னும் ஆக்கப்படாத உறுப்பினையும் பெயர் சொல்லிக் கேட்டு வரவழைக்கும் வழி 2009 இல் விண்டோஸ் 7 உடன் வந்தது. விண்டோஸ் 10 காலத்திற் கணுவின் படி, அதன் உடன்பிறப்புகளின் தொகை, அவற்றுள் அதன் இடம் ஆகியவற்றை அறிவிக்கும் பண்புகளும் சேர்ந்தன. அவற்றை நிரப்பும் பொறுப்பு, மரத்தை வரைபவனையே சார்ந்தது. அவன் அதனைச் செய்திருப்பானாயின், பொருட்பாலைத் திறந்து கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்திச் செல்லும் மாணவியின் செவியில், “கல்வி, இரண்டாம் படி, 70 இல் 2” என்று விழும்.